அப்பா ஃபோன்ல ஒரு கிளைமேட், என் ஃபோன்ல ஒரு கிளைமேட்: மீடியாதான் காரணமா?

நீங்க கேட்டத மேலோட்டமா படிச்சா அப்பா சொல்றது சரியா நீங்க சொல்றது சரியாங்கற மாதிரிதான் இருக்கு. மதுரையில ஒரே வீட்டுல இருக்கீங்க. ரிட்டயர்ட் வாத்தியாரான அப்பா வாட்ஸ்அப்ல வந்த துபாய் வெள்ள வீடியோவ உங்களுக்கு அனுப்பி "எல்லாம் செயற்கை மழை, கிளைமேட் சேஞ்ச்லாம் வெள்ளைக்காரன் கட்டுன கதை"ங்கறாரு, நீங்க இன்ஸ்டால "2050ல சென்னை இருக்காது"னு ரீல்ஸ் பார்த்துட்டு தூக்கம் வராம கிடக்கேன்னு எழுதியிருக்கீங்க. ஆனா உள்ளுக்குள்ள இருக்குற கேள்வி வேறன்னு எனக்கு தோணுது. ஒரே வெயில், ஒரே மழை, ஒரே கரண்ட் பில், அப்புறம் எப்படி ரெண்டு பேருக்கும் ரெண்டு புரிதல் வந்துச்சு, இத அந்த ஃபோன்தான் பண்ணுச்சா? அதுக்குத்தான் பதில் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் ஒரு தமிழ் நாளிதழ் டெஸ்க்ல 14 வருஷம் இருந்தேன், அதுக்கப்புறம் இதழியல் சொல்லிக் குடுக்குறேன், மாணவர்கள கூட்டிட்டு ஊர் ஊரா போய் மக்கள் செய்திய எப்படி படிக்கிறாங்க, எத நம்புறாங்கனு உட்கார்ந்து கேட்டு எழுதுறது இப்போ என் வேல. வானிலை விஞ்ஞானி கிடையாது. பூமி சூடாகுது, மனுஷன் எரிக்கிற நிலக்கரியும் பெட்ரோலும்தான் காரணம்ங்கற விஷயத்துல ஐநாவோட காலநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐபிசிசி 2021ல சொன்னத அப்படியே எடுத்துக்கறேன், அதுல சந்தேகத்துக்கு இடமே இல்லனு அவங்களே எழுதிட்டாங்க, சூடு அப்பவே 1.1 டிகிரி ஏறியாச்சு. நான் பேசப்போறது அந்த விஷயம் மக்கள் மனசுக்குள்ள எந்த வழியா போகுது, போற வழியில என்னவா மாறுதுங்கறத பத்தி.

முதல்ல உறுதியா தெரிஞ்சத சொல்லிடறேன். எந்த மீடியா பார்க்குறோம்ங்கறதுக்கும் இந்த விஷயத்துல என்ன நினைக்கிறோம்ங்கறதுக்கும் தொடர்பு இருக்கு. இத நல்லா அளந்து பார்த்த இடம் அமெரிக்கா. போய்காஃப்னு ரெண்டு பேர் சேர்ந்து 1988ல இருந்து 2002 வரைக்கும் அங்க இருக்குற நாலு பெரிய பேப்பர்ல வந்த செய்திகள எடுத்து பார்த்தாங்க, பாதிக்கும் மேல "மனுஷன்தான் காரணம்"ங்கற பக்கத்துக்கும் "இல்ல, இயற்கையா நடக்குது"ங்கற பக்கத்துக்கும் கிட்டத்தட்ட சரிசமமா இடம் குடுத்திருந்தாங்க. அந்த ஆய்வு வந்தது 2004ல. அதே வருஷம் நயோமி ஒரெஸ்கெஸ்ங்கற அறிவியல் வரலாற்று ஆய்வாளர் 928 ஆய்வுக் கட்டுரைகளோட சுருக்கத்த எடுத்து பார்த்ததுல மனுஷன் காரணமில்லனு சொன்னது ஒன்னு கூட இல்ல. விஞ்ஞானிகளுக்குள்ள சண்டையே இல்லாத இடத்துல பேப்பர் படிச்சவங்களுக்கு மட்டும் சண்டை நடக்குற மாதிரி தெரிஞ்சிருக்கு. அந்த ரிப்போர்ட்டர்கள் யாரும் பொய் எழுதல பாருங்க, ரெண்டு பக்கமும் கேக்கணும்ங்கற எங்க தொழில் தர்மத்தத்தான் கடைபிடிச்சாங்க. பிபிசி மாதிரி ஒரு இடமே 2018லதான் தன்னோட ஆளுங்களுக்கு "இத மறுக்கறவர கூப்ட்டு உட்கார வச்சாதான் நடுநிலைனு நினைக்க வேண்டாம்"னு எழுதிக் குடுத்துச்சு.

அப்புறம் 2012ல லாரன் ஃபெல்ட்மேன் குழு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வலதுசாரி பக்கம் சாயுற ஃபாக்ஸ் நியூஸ் சேனல அதிகமா பார்க்குறவங்க பூமி சூடாகறத கம்மியா ஒத்துக்கறாங்க, சிஎன்என், எம்எஸ்என்பிசி பார்க்குறவங்க அதிகமா ஒத்துக்கறாங்க. இதுல எனக்கு முக்கியமா பட்டது என்னன்னா, டெமாக்ரட் கட்சி ஆளுங்க எந்த சேனல் பார்த்தாலும் கருத்து பெருசா மாறல, ஆனா ரிபப்ளிகன் கட்சி ஆளுங்கள்ல சிஎன்என் பார்க்குறவர் ஒரு மாதிரியும் ஃபாக்ஸ் பார்க்குறவர் வேற மாதிரியும் இருந்தாங்க. அதாவது கட்சி மட்டும் இல்ல, சேனலும் சேர்ந்துதான்.

ஆனா இங்கதான் முதல் சந்தேகம் ஆரம்பிக்குது. ஃபாக்ஸ் பார்த்ததால அப்படி நினைச்சாங்களா, அப்படி நினைக்கிறதால ஃபாக்ஸ் போட்டாங்களா? ஒரே நேரத்துல எடுக்குற சர்வேல இத பிரிக்க முடியாது. அதே ஃபெல்ட்மேன் அப்புறமா ஒரே ஆளுங்கள 2008லயும் 2011லயும் கேட்டு பார்த்ததுல ரெண்டும் நடக்குதுனு தெரிஞ்சுது, நினைப்பு சேனல தேடுது, சேனல் நினைப்ப இறுக்குது, திரும்ப அந்த நினைப்பு அதே சேனல தேடுது. செக்கு மாடு மாதிரி. அதனால உங்க அப்பாவ வாட்ஸ்அப் கெடுத்துச்சுனு நீங்க சொன்னா நான் பாதிதான் ஒத்துக்குவேன், உங்கள இன்ஸ்டா பயமுறுத்துச்சுனாலும் அதே பாதிதான்.

இன்னொன்னும் ஓரளவு உறுதியா சொல்லலாம். நைஹான், போர்ட்டர், வுட்னு மூணு பேர் 2022ல வெளியிட்ட ஒரு சோதனையில, நல்ல அறிவியல் கட்டுரைய படிச்சவங்களுக்கு தகவல் சரியாகுது, ஆனா அது சீக்கிரமே கரைஞ்சு பழையபடி ஆயிடுது, நடுவுல மறுக்கற மாதிரி ஒரு கருத்துக் கட்டுரை படிச்சிட்டா இன்னும் வேகமா போயிடுது. டெஸ்க்ல இருந்த காலத்துல ஒரு முழுப்பக்க கட்டுரை போட்டுட்டு "அப்பாடா, சொல்லியாச்சு"னு நிம்மதியா வீட்டுக்கு போவேன். இத படிச்சப்போ அதுதான் ஞாபகம் வந்துச்சு. வருஷத்துக்கு ஒரு பக்கம் போட்டா ஒன்னும் நிக்காது, தினமும் கொஞ்சம் கொஞ்சமா வந்தாத்தான் நிக்கும்.

இதெல்லாம் அமெரிக்கா கதை. இத அப்படியே தூக்கி மதுரையில வச்சா பொருந்தாது, இங்க நிறைய பேர் இந்த தப்ப பண்றாங்க. ஆக்ஸ்ஃபோர்டுல இருக்குற ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட்ல ஜேம்ஸ் பெயிண்டர் 2011ல ஆறு நாட்டு பத்திரிகைகள ஒப்பிட்டு பார்த்தாரு. மறுக்கற குரலுக்கு இடம் குடுக்குறது அமெரிக்கா, பிரிட்டன் பேப்பர்கள்லதான் அதிகம், இந்தியாவுல ரொம்ப கம்மி. அதுக்கு முன்னாடியே சைமன் பில்லட்னு ஒருத்தர் 2002ல இருந்து 2007 வரைக்கும் நம்ம ஊர் இங்கிலீஷ் பேப்பர்கள பார்த்து சொன்னதும் அதேதான், இங்க யாரும் "நடக்கவே இல்ல"னு எழுதல, எழுதினது "இத பண்ணது பணக்கார நாடுங்க, விலை குடுக்கறது நாம"னு. அதுல நியாயம் இல்லாம இல்ல. 1991லயே டெல்லியில சுற்றுச்சூழல் ஆய்வாளர்களான அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், ஒருத்தன் காரும் ஏசியும் ஓட்ட விடுற புகையையும் இன்னொருத்தன் நெல் வயல்ல இருந்து வர்ற வாயுவையும் ஒரே கணக்குல எழுதாதீங்கனு சண்ட போட்டாங்க. உங்க அப்பா சொன்ன வாக்கியத்த படிச்சதும் எனக்கு இதுதான் தோணுச்சு. இது என் ஊகம்தான், நிரூபிக்க முடியாது: "வெள்ளைக்காரன் செஞ்சது"னு இருபது வருஷமா பேப்பர்ல படிச்சது, வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்றப்போ "வெள்ளைக்காரன் சொன்னது"னு ஆயிடுச்சு. ஒரே ஒரு வினைச்சொல்தான் மாறியிருக்கு. அவர் கோபம் எங்க இருந்து வருதுன்னு புரிஞ்சுக்காம அவர முட்டாள்னு நினைச்சுடாதீங்க.

அப்போ நம்ம ஊர்ல பிரச்சனை நம்புறதா நம்பாததாங்கறது கிடையாது. அமெரிக்காவுல இருக்குற யேல் பல்கலைக்கழகமும் சிவோட்டர்ங்கற சர்வே நிறுவனமும் சேர்ந்து 2021 கடைசியிலயும் 2022 தொடக்கத்துலயும் இந்தியா முழுக்க எடுத்த சர்வேல, குளோபல் வார்மிங் பத்தி கொஞ்சம்தான் தெரியும் இல்ல கேள்விப்பட்டதே இல்லனு சொன்னவங்க 54 சதவீதம். நிறைய தெரியும்னவங்க 9 சதவீதம். ஆனா ரெண்டு வரியில அது என்னனு விளக்கம் சொல்லிட்டு "நடக்குதுனு நினைக்கிறீங்களா"னு கேட்டா 84 சதவீதம் ஆமாங்கறாங்க. இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. ஆமாங்கறதுக்கு யாரும் தயங்கல, அந்த ஆமாவுக்கு உள்ள என்ன இருக்குங்கறதுதான் கேள்வி. நான் இத்தன வருஷத்துல பார்த்த வரைக்கும் மீடியா வேல செய்யுறது அங்கதான்: அந்த வார்த்தைய கேட்டதும் மனசுல எந்த படம் வந்து நிக்குது, எந்த காரணம் வந்து ஒட்டிக்குதுங்கறதுல.

வார்த்தையில இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா இதுல எனக்கும் பங்கு இருக்கு. டெஸ்க்ல செய்தி நிறுவனங்கள் அனுப்புற காப்பி இங்கிலீஷ்ல வரும், மணி ஒன்பதரை, பத்து மணிக்கு பக்கம் போகணும். கிளைமேட் சேஞ்ச்னு வந்தா கை தானா "பருவநிலை மாற்றம்"னு அடிச்சிடும். ஒரு நாள் எங்க பேப்பர்ல ஏழாம் பக்கத்துல பாரிஸ் மாநாட்டு செய்தி, "பருவநிலை மாற்றம்: உலகத் தலைவர்கள் ஆலோசனை". அதே பக்கத்துல கீழ டாக்டர் பேட்டி, "பருவநிலை மாற்றத்தால் பரவும் காய்ச்சல், குழந்தைகளுக்கு வெந்நீர் கொடுங்கள்". ரெண்டு தலைப்பையும் போட்டது நான்தான். மறுநாள் டீ குடிக்கிறப்போ பேப்பர விரிச்சு பார்த்துட்டுதான் எனக்கே உறைச்சுது. ஒரு வார்த்தை ஐப்பசி போய் கார்த்திகை வர்றப்போ பிடிக்கிற சளிக்கும் பொருந்துது, நூறு வருஷமா ஏறுற சூட்டுக்கும் பொருந்துதுன்னா படிக்கிறவர் எத எடுத்துக்குவாரு? தனக்கு தெரிஞ்சததான் எடுத்துக்குவாரு. பருவம் மாறுது, எப்பவும் மாறுறதுதானே. இப்போ "காலநிலை மாற்றம்"னு எழுதறது கூடியிருக்கு, அரசாங்கமும் அதத்தான் எழுதுது, எனக்கும் அதுதான் சரினு படுது. இதோட ஓசோன் ஓட்டையையும் சேர்த்துக்கோங்க. கிளாஸ்ல பூமி ஏன் சூடாகுதுனு கேட்டா இன்னைக்கும் பாதி பேர் "ஓசோன்ல ஓட்டை விழுந்துடுச்சு, வெயில் நேரா உள்ள வருது"ங்கறாங்க, அது வேற பிரச்சனை, இது வேற பிரச்சனை, ஆனா பள்ளிக்கூட பாடத்துலயும் பேப்பர்லயும் ரெண்டும் ஒரே பத்தியில வந்து வந்து ஒன்னாயிடுச்சு.

அடுத்து 2015. டிசம்பர் 1, 2 ராத்திரி சென்னையில பெஞ்ச மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், தாம்பரத்துல மட்டும் 24 மணி நேரத்துல 49 செ.மீ. அதே வாரம் பாரிஸ்ல ஐநா கிளைமேட் மாநாடு நடந்துட்டு இருந்துச்சு. அதனால வெளிநாட்டு மீடியாவும் டெல்லி இங்கிலீஷ் சேனல்களும் சென்னைய தூக்கி "பாருங்க, கிளைமேட் சேஞ்ச்"னு காட்டுனாங்க. அதே நேரம் தமிழ் சேனல் வச்சா செம்பரம்பாக்கம், செம்பரம்பாக்கம், செம்பரம்பாக்கம். ஏரிய யாரு எப்போ திறந்தா, எத்தன ஆயிரம் கன அடி, ஏன் சொல்லல. ஒரே தண்ணி, ஒரே மாடியில நின்னுட்டு இருக்காங்க, பையன் லேப்டாப்ல ஒரு காரணம், அம்மா டிவில ஒரு காரணம். உங்க வீட்டு கதையேதான்.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, அந்த மழைய சர்வதேச விஞ்ஞானிகள் குழு ஒன்னு எடுத்து ஆராய்ச்சி பண்ணி 2016ல வெளியிட்டாங்க, பூமி சூடானதோட கைரேகைய அந்த ஒரு நாள் மழையில தெளிவா காட்ட முடியலனு முடிவு வந்துச்சு. 2018ல சட்டசபையில வச்ச, அரசு கணக்குகள தணிக்கை பண்ற சிஏஜியோட அறிக்கை ஏரி நிர்வாகத்தையும் ஆக்கிரமிப்பையும்தான் கடுமையா சொல்லுச்சு. அதாவது அந்த ஒரு சம்பவத்துல லேப்டாப் பார்த்த பையன விட டிவி பார்த்த அம்மாதான் உண்மைக்கு பக்கத்துல இருந்தாங்க. இத சொல்ல எனக்கு தயக்கமா இருக்கும், கிளைமேட் பத்தி அக்கறை இருக்குறவங்க கோச்சுக்குவாங்க, ஆனா சொல்லித்தான் ஆகணும், ஏன்னா அன்னைக்கு இருந்து எனக்கு ஊர்கள்ல அடிக்கடி கிடைக்கிற பதில் "தப்பிக்கறதுக்கு சொல்ற சாக்கு சார் அது"ங்கறதுதான். ஏரிய தூர் வாராதவங்க, சதுப்பு நிலத்துல பட்டா குடுத்தவங்க எல்லாம் மைக் முன்னாடி நின்னு கிளைமேட் சேஞ்ச்னு சொன்னா, கேக்குறவனுக்கு அந்த வார்த்தை மேலயே நம்பிக்கை போயிடும்.

அதுக்காக எல்லா மழையும் அப்படினு எடுத்துக்கவும் கூடாது. வீட்டுல அடுப்புல பால் வச்சு நினைச்சு பாருங்க. தீய கொஞ்சம் கூட்டி வச்சா பால் பொங்குறது முன்ன விட அடிக்கடி நடக்கும், இது உறுதி. காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்த தாங்கும், அது இயற்பியல், அதுல ரெண்டு பேச்சு கிடையாது. ஆனா இன்னைக்கு காலையில பொங்கி வழிஞ்சதுக்கு தீ காரணமா, பாத்திரம் சின்னதா போனது காரணமா, பக்கத்துல நின்னு பார்க்க ஆள் இல்லாதது காரணமானு ஒவ்வொரு தடவையும் தனியாத்தான் பார்க்கணும். 2015 சென்னையில தீயோட பங்கு தெளிவா தெரியல, பாத்திரமும் ஆளும்தான் தெரிஞ்சுது. 2024 ஜூலை 30 வயநாட்டுல மண் சரிஞ்சு இருநூறு பேருக்கு மேல போனாங்களே, அந்த மழை பூமி சூடானதால சுமார் 10 சதவீதம் கூடிச்சுனு விஞ்ஞானிகள் கணக்கு சொன்னாங்க, அங்கயும் மலைய வெட்டுனது தனி. தீ, பாத்திரம், ஆள்னு இந்த மூணையும் ஒன்னா வச்சு பேச ஒரு டிவி விவாதத்துல நேரம் இருக்காது, எட்டு பேர் உட்கார்ந்திருப்பாங்க, தீயா பாத்திரமானு ஒன்னத்தான் கேப்பாங்க.

தூத்துக்குடி மாவட்டத்துல இருக்குற ஏரல் கதைய சொல்லிடறேன். 2023 டிசம்பர் 17, மார்கழி பொறந்த அன்னைக்கு தூத்துக்குடி, நெல்லை பக்கம் ஊத்துன மழை, காயல்பட்டினத்துல 95 செ.மீ., ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ரயிலோட மாட்டிக்கிட்டவங்க எண்ணூறு பேர். ரெண்டு மாசம் கழிச்சு மாணவர்களோட ஏரல் போனோம். ஒரு டீக்கடை அண்ணாச்சி, கடைக்குள்ள சுவத்துல தண்ணி நின்ன கோட்ட காட்டுனாரு, கைய தூக்கினாலும் எனக்கு எட்டல. பாய்லர் போச்சு, ஃப்ரிட்ஜ் போச்சு, கடன் நோட்டு போச்சுன்னாரு. கடன் நோட்டுதான் அவருக்கு பெரிய வருத்தம். ஏன் அண்ணாச்சி இப்படி மழைனு கேட்டேன். "டேம தொறந்து விட்டுட்டாவ"ன்னாரு முதல்ல. கொஞ்சம் விட்டு "டிவியில பருவநிலை மாற்றம்னும் சொன்னாவ". அப்டின்னா என்ன அண்ணாச்சினு கேட்டேன். டீய ஆத்திக்கிட்டே சொன்னாரு, "ஐப்பசில பெய்ய வேண்டிய மழ மார்கழில பெய்யிது பாத்தியளா, பருவம் மாறிட்டு, அதான்."

நான் பேப்பர்ல போட்ட வார்த்தை, அவர் கடையில வந்து அவர் புரிஞ்சுக்கிட்ட அர்த்தத்துல உட்கார்ந்திருக்கு. அவர் மேல தப்பே இல்ல, வார்த்தைய பிரிச்சு பார்த்தா அவர் சொன்னதுதானே வருது. முன்னாடி நாள் மழை எச்சரிக்கை பார்த்தீங்களானு கேட்டதுக்கு, "சனிக்கெழமையே யூடியூப்ல ஒருத்தர் சொன்னாரு, எப்பவும் கனமழை கனமழைனுதான போடுதாவனு விட்டுட்டேன்"ன்னாரு. வருஷம் பூரா "அடுத்த 24 மணி நேரம் உஷார்"னு தம்ப்நெயில் பார்த்து பார்த்து, நிஜமாவே உஷாரா இருக்க வேண்டிய அன்னைக்கு அது காதுல விழல. இத எந்த சர்வேலயும் நான் அளக்கல, ஒரு மனுஷன் சொன்னது, ஆனா அந்த பயணத்துல வேற வேற ஊர்ல வேற வேற வார்த்தையில இதே பதில் கேட்டோம்.

வெயில் கதை இன்னும் மோசம், மழையாவது செய்தியா வருது. ஏப்ரல் வந்தா எங்க டெஸ்க்ல ரெடியா ஒரு தலைப்பு இருக்கும், "8 இடங்களில் வெயில் சதம்". 100 ஃபாரன்ஹீட் தாண்டினா சதம், ஏதோ சேப்பாக்கத்துல செஞ்சுரி அடிச்ச மாதிரி. கூட ஒரு படம் வேணும்னா போட்டோகிராஃபர அனுப்புவோம், நுங்கு வண்டி, தர்பூசணி கடை, கிணத்துல குதிக்கிற பசங்க. மே 4 வந்தா "அக்னி நட்சத்திரம் இன்று தொடக்கம்". இதுல பொய் எதுவும் இல்ல, ஆனா மொத்தமா சேர்த்து பார்த்தா வெயில்ங்கறது வருஷா வருஷம் வர்ற விருந்தாளி, ஜூஸ் குடிச்சா போயிடும்ங்கற அர்த்தம்தான் நிக்குது. ஐரோப்பாவுலயும் இதேதான், சாஃப்ரன் ஓ'நீல் குழு 2019 வெப்ப அலைக்கு பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, பிரிட்டன் மீடியாவுல வந்த படங்கள பார்த்ததுல தண்ணியில விளையாடுற படங்கள் அவ்ளோ இருந்துச்சு, செய்தி ஆபத்துன்னாலும் படம் ஜாலிங்குது. இங்க இன்னொரு சிக்கல், அந்த சதக் கணக்குல ஈரப்பதம் வராது. 97 ஃபாரன்ஹீட்ல கடலோர ஊர்ல வேர்வை காயாம சித்தாள் வேல பாக்குற அம்மாவுக்கு என்ன ஆகும்னு அந்த தலைப்பு சொல்லாது, அவங்க ஊர் பட்டியல்லயே இருக்காது. ராத்திரி சூடு எறங்குதா இல்லையாங்கறதும் வராது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபர்ல வெப்ப அலைய மாநிலப் பேரிடர்னு அறிவிச்சுது, அதுக்கப்புறமாவது அந்த சதம்ங்கற வார்த்தைய தூக்கி போடுங்கனு பழைய நண்பர்கள்ட்ட கேட்டுட்டு இருக்கேன்.

இனி உங்க ரீல்ஸ். 2019 அக்டோபர்ல கிளைமேட் சென்ட்ரல்ங்கற அமைப்போட ஆய்வு ஒன்னு வந்துச்சு, 2050ல உலகம் பூரா சுமார் 30 கோடி பேர் இருக்குற நிலம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வர்ற கடல் வெள்ளத்தோட மட்டத்துக்கு கீழ இருக்கும்னு. தடுப்புச் சுவர், கரை எதையும் கணக்குல எடுக்காம நில உயரத்த வச்சு போட்ட மேப் அது. "வருஷத்துக்கு ஒரு தடவ வெள்ளம் தொடக்கூடிய நிலம்"ங்கறது தம்ப்நெயிலுக்கு வந்தப்போ "மூழ்கும்"னு ஆச்சு, அப்புறம் "இருக்காது"னு ஆச்சு. ஆபத்து நிஜம், சென்னையில தாழ்வான கரையோரத்துல இருக்குறவங்க கவலப்பட நிஜமான காரணம் இருக்கு. ஆனா ஒரு நகரமே காணாம போற தேதினு எதையும் எந்த விஞ்ஞானியும் குறிக்கல. பயம் மக்கள வேல செய்ய வைக்குமா, கைய விரிச்சுட்டு உட்கார வைக்குமாங்கறதுல ஆய்வாளர்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல, பயம் கவனத்த இழுக்கும் ஆனா தனக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குங்கற உணர்வ குடுக்காதுனு 2009லயே ஓ'நீல் இன்னொரு ஆய்வுல சொல்லியிருக்காங்க. உங்க தூக்கமின்மைய நான் சின்னதா நினைக்கல. ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு மேல அந்த ரீல்ஸ் உங்களுக்கு புதுசா எதையும் சொல்லித் தரப் போறதில்ல, நேத்து சொன்னதையே இன்னும் சத்தமா சொல்லும், அவ்ளோதான்.

மீடியாவ மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது. அமெரிக்காவுல 2002ல இருந்து 2010 வரைக்கும் மக்களோட கவலை ஏறி இறங்குனத ராபர்ட் புருல்லே குழு பார்த்தப்போ, மீடியாவோட பங்கு இருந்துச்சு, ஆனா அத விட அரசியல் தலைவர்கள் என்ன பேசறாங்க, கையில காசு இருக்கா வேல இருக்காங்கறதுதான் பெருசா இழுத்துச்சு. இங்க அது எந்த அளவுக்குனு அறுதியா சொல்ல மாட்டேன், ஆனா தலைவர் பேசுனாத்தான் அது செய்தி ஆகும், அது டெஸ்க்ல இருந்த எல்லாருக்கும் தெரியும்.

நம்பிக்கையா ஒன்னு சொல்லணும்னா, நம்ம ஊர்ல வானிலை மேல இருக்குற ஆர்வம். ரமணன் சார் 2016ல ரிட்டயர் ஆகுற வரைக்கும் அவர் முகத்த பார்த்துதான் பசங்க ஸ்கூல் பைய எடுத்து வைக்கலாமா வேண்டாமானு முடிவு பண்ணுவாங்க, அப்புறம் தமிழ்நாடு வெதர்மேன் மாதிரி பக்கங்கள் வந்து இப்போ சாதாரண ஜனங்க ராத்திரி ரெண்டு மணிக்கு ரேடார் படம் பார்த்து எந்த மேகம் எங்க போகுதுனு பேசறாங்க. இவ்ளோ கவனம் வேற எந்த அறிவியல் விஷயத்துக்கும் தமிழ்ல இல்ல. அமெரிக்காவுல தென் கரோலினாவுல ஒரு உள்ளூர் டிவில 2010ல, தினசரி வானிலை சொல்ற ஜிம் கேண்டிங்கறவர் நடுநடுவுல ஒரு நிமிஷம் "நம்ம ஊர்ல இது இப்படி மாறிட்டு வருது"னு சேர்த்து சொன்னாரு, ஒரு வருஷம் கழிச்சு பார்த்தா வேற சேனல் பார்த்தவங்கள விட அவர பார்த்தவங்களுக்கு புரிதல் கூடியிருந்துச்சு. எங்கயோ பனிக்கரடி உருகுற ஐஸ் மேல நிக்குறத காட்டுறத விட இது வேல செய்யுது. இத தமிழ்ல யாராவது தொடர்ந்து பண்ணணும்ங்கறது என் ரொம்ப நாள் ஆச.

கடைசியா அப்பா அனுப்புன துபாய் வீடியோ. 2024 ஏப்ரல் 16 மழை அது, அமீரகத்துல 1949ல இருந்து வச்சிருக்குற ரெக்கார்ட்ல அப்படி மழை இல்ல, ஒரு இடத்துல 24 மணி நேரத்துக்குள்ள 25 செ.மீ. தாண்டிச்சு. அப்பா சொல்ற செயற்கை மழைங்கறது மேகத்துல உப்பு தூவுறது, அது இருக்குற மேகத்துல கொஞ்சம் கூட்டி வாங்குற வேல, இல்லாத புயல உண்டாக்காது. அந்த மழை சில நாள் முன்னாடியே முன்னறிவிப்புல இருந்துச்சு, துபாய்க்கு வர்றதுக்கு முன்னாடியே ஓமன்ல வெள்ளம் வந்து ஆள் போயிடுச்சு, அதுல பள்ளிக்கூட பசங்களும் இருந்தாங்க. இவ்ளோதான் அனுப்புங்க, "அப்பா நீங்க சொன்னது தப்பு"ங்கற வரி வேண்டாம். கூடவே வெள்ளைக்காரன் செஞ்சதுக்கு நாம ஏன் அனுபவிக்கணும்ங்கற அவர் கோபத்துல பாதி நியாயம் இருக்குனும் சொல்லுங்க, அது உண்மைதான்.

அப்புறம் ஃபோன கீழ வச்சுட்டு அவர்ட்ட ஒன்னு கேளுங்க. மார்கழி மாசம் ராத்திரி ஃபேன் போடாம தூங்குன கடைசி வருஷம் எதுப்பானு. மனுஷன் ஞாபகம் கணக்கு கிடையாது, வயசாக வயசாக வெயில் கூடுதலா தெரியும், வீட்டு மேல தளம் போட்டிருப்பீங்க, பக்கத்துல மரம் வெட்டியிருப்பாங்க. ஆனா வாத்தியார் சும்மா சொல்ல மாட்டாரு, யோசிச்சு ஒரு வருஷத்த சொல்லுவாரு. அத இங்க எழுதுங்க, மதுரை ஏர்போர்ட் வானிலை நிலையத்தோட டிசம்பர், ஜனவரி ராத்திரி வெப்பநிலைய எடுத்து பக்கத்துல வச்சு பார்க்கலாம்.